பொம்மை என்று பெயர் வாங்கிய குதிரை

என் அக்காவின் கணவர், எனக்கு அத்தான், சவாரிப் பள்ளி லாயத்தில் இருபத்தாறு வருடமாகக் குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறார். அந்தப் பள்ளி அலுவலகத்தில்தான் நானும் இருக்கிறேன். மனிதர் வீட்டில் ஊமை. லாயத்துக்குள் போனால் வாய் மூடாது.

அங்கே ஒரு பழுப்புப் பெண்குதிரை உண்டு. வந்த புதிதில், சேணம் வைத்து வயிற்று வாரை இறுக்கினால் திரும்பி ஒரு கடி வைக்கும். அத்தானின் தோளில் தழும்பு இன்னும் இருக்கிறது. அவர் விடாக்கண்டன். தலையைத் திருப்ப முடியாதபடி குட்டையாகக் கட்டினார்; திருப்பப் பார்த்தால் மூக்கில் ஒரு தட்டு. இரண்டே மாதத்தில் அடங்கிவிட்டது. இடி விழுந்தாலும் அசையாது என்பதால் பொம்மை என்று பெயர் வந்தது. முதல்முறை ஏறும் குழந்தைகளுக்கெல்லாம் அதுதான். வந்தவர் போனவரிடமெல்லாம், தான் பழக்கியது என்று அத்தான் மார்தட்டுவார். ஏழு வருடமாக இதைக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

போன மாதம் அது தீனியைப் பாதியில் விட்டது. பார்க்க வந்த மருத்துவர் அம்மா, குதிரையின் வயிற்றைத் தொடாமல் வெகுநேரம் முகத்தையே பார்த்தார். பின்னால் சாய்ந்த காது, இறுகிய மூக்கு, கண்ணுக்கு மேலே ஒரு மடிப்பு. வலியைப் பொறுத்துக்கொள்ளும் குதிரையின் முகம் இப்படித்தான் இருக்குமாம். குழாய் விட்டுப் பார்த்ததில் இரைப்பையில் நாள்பட்ட புண். வாரை இறுக்கும்போது கடிக்குமா என்று கேட்டார். அதையெல்லாம் எப்போதோ நிறுத்திவிட்டதாக அத்தான் சொன்னார், கொஞ்சம் பெருமையாகவே.

"வலிக்குதுன்னுதாங்க கடிச்சிருக்கும். சொல்லிப் பிரயோஜனம் இல்லைன்னு விட்டுடுச்சு."

அத்தானின் முகம் செத்துவிட்டது. எனக்கும் அதில் பங்கு உண்டு. வகுப்புப் பட்டியலில் தினமும் நான்கு தடவை அதன் பெயரை எழுதியவன் நான்தானே.

மருந்தில் புண் ஆறிவிட்டது. ஆனால் மறுபடி வலி வந்தால் அதுவாகக் காட்டினால்தான் நமக்குத் தெரியும் என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து அத்தான் சேணத்தைத் தொடவில்லை. தினமும் காலையில் கயிற்றை அவிழ்த்துவிட்டு, வார் விழும் இடத்தில் உள்ளங்கையை வைக்கிறார். தழும்புள்ள தோளை அதன் வாய்க்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறார்.

நேற்று நான் போனபோதும் அப்படித்தான் நின்றிருந்தார்.

"ஒரு தடவை கடிம்மா," என்றார்.

பொம்மை அசையவில்லை. கண்ணுக்கு மேலே அந்த மடிப்பு மட்டும் விழுந்தது.