முஹர்ரக்கில் அப்பாவுக்கு ஓர் அண்ணன்

1977 டிசம்பர். துபாய்க்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. என் கணவர் சுந்தரத்துக்கு நான்கு நாள் லீவு கிடைத்ததும் பஹ்ரைன் போகலாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அப்பா பிறந்தது அதன் தலைநகர் மனாமாவில். தாத்தா அங்கே ஒரு குஜராத்தி ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினார். பிரசவம் ஆன சில நாளிலேயே அப்பாவைப் பெற்றவள் காய்ச்சலில் போய்விட்டாள். அவளை எரித்த இடத்தையாவது பார்க்க எனக்கு ஆசை.

விமானத்தில் ஒரு மணி நேரம். மனாமா கடைத்தெருவில், அங்கிருந்த இந்துக் கோயில் பக்கத்தில் விசாரித்ததும் கடை கிடைத்தது. ஆனால் மதியம் மூடினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்களாம், வாசலிலேயே நின்றோம். வயதான முதலாளிக்குச் சுடுகாடு பற்றித் தெரியவில்லை.

"மதராஸி முன்ஷியோட பேத்தியா? அப்போ யூசுஃபைப் பாக்காம போகாதே" என்று இந்தியில் சொல்லி டாக்சி பிடித்துக் கொடுத்தார்.

பாலம் தாண்டினால் முஹர்ரக் தீவு. பத்து நிமிடம், ஒரு தினார். யூசுஃப் முத்துக் குளித்தவரின் மகன்; பம்பாய்க் கப்பல்களில் வேலை பார்த்ததால் இந்தி பேசினார். அந்நியப் பெண் என்பதால் எனக்குக் கை கொடுக்காமல் நெஞ்சில் கை வைத்து வணங்கினார். யார் என்று சொன்னேன். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"உன் அப்பாவுக்குப் பால் கொடுத்தது எங்கம்மா மரியம். எனக்குப் பாதி, அவனுக்குப் பாதி. அவன் என் தம்பி. எங்க மார்க்கத்துல ஒரே பால் குடிச்சவங்க கூடப்பிறந்தவங்க; நீ எனக்கு மகள்."

எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார். அப்பா ஆட்டுப்பாலில் வளர்ந்தவர் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். மரியம் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

திரும்பும்போது சுந்தரம் கேட்டார்: "மாமாகிட்ட சொல்லணுமா? வெளியில தண்ணிகூடக் குடிக்காதவரு."

"பால் குடிச்சவருக்குத் தெரிய வேண்டாமா?" என்றேன். பயம் எனக்கும் இருந்தது.

வளைகுடாவில் உறவு தேடிப் போகிறவர்கள் முதலில் பழைய கடைத்தெருவுக்குப் போங்கள், மாலையில். ஆபீஸ்களில் கிடைக்காத பதில் அங்கே கிடைக்கும். கேள்விப்படுவது நாம் தேடிப்போனதாக இருக்காது. பரவாயில்லை, உட்கார்ந்து கேளுங்கள்.

ஆடி லீவில் மாயவரம் போய் அப்பாவிடம் சொன்னேன்.

"அந்தம்மா பேரு என்ன?" என்று மட்டும் கேட்டார்.

அமாவாசையன்று காவிரிக்கரையில் தர்ப்பணம். பெற்றவள் பேரைச் சொன்ன பிறகு, "இன்னொரு தாயார் இருக்காங்க, மரியம்" என்றார் அப்பா. புரோகிதர் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு அந்தப் பேரையும் சொல்லி, எள்ளும் தண்ணீரும் விடச் சொன்னார்.