அடுப்பில் இருந்த குண்டு

எங்கள் குப்பத்தில் கல் கிடையாது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் ஏரி, நடுவில் மணல். எவ்வளவு ஆழம் போனாலும் மணலும் கிளிஞ்சலும்தான் வரும். அம்மி வேண்டுமென்றால்கூட பழவேற்காடு கடைத்தெருவிலிருந்து படகில் ஏற்றி வர வேண்டும். அதனால் எழுபதுகளின் கடைசியில், ஒரு புயலுக்குப் பிறகு, குடிதண்ணீருக்காகப் புது ஊற்று தோண்டிக்கொண்டிருந்த மாமாவின் மண்வெட்டி கணீரென்று எதிலோ இடித்தபோது சுற்றி நின்றவர்களுக்குச் சந்தோஷம். மாமா என்றால் என் அக்காவின் புருஷன். குழிக்குள்ளிருந்து அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது கல் அல்ல, துரு ஏறிய இரும்புக் குண்டுகள். சில தேங்காய் அளவு, சில அதைவிடப் பெரிது.

யாரும் ஆச்சரியப்படவில்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் இடிந்து புதர் மண்டிக் கிடக்கும் கோட்டையை ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், கட்டினார்கள், அவர்களோடு இங்கிலீஷ்காரர்கள் சண்டை போட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். பீரங்கிக் குண்டுகள் அவ்வப்போது வெளியே வரும். வந்ததை வைத்துக்கொள்வார்கள். வலையைக் காயப்போடும்போது காற்றில் பறக்காமலிருக்க ஓரத்தில் ஒன்று, கருவாட்டுப் பாயின் மேல் ஒன்று, கதவுக்கு முட்டுக்கொடுக்க ஒன்று. எங்கள் அக்கா, வந்தவற்றில் பெரியதாக, ஒரே அளவாக மூன்றைப் பொறுக்கி, வீட்டுக்கு வெளியே மணலில் பாதி புதைத்து அடுப்பாக்கினாள். இறால் அவிக்கும் பெரிய அண்டா அதன்மேல் ஆடாமல் உட்கார்ந்தது.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட எட்டு வயது மூத்தவள். எங்கள் அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டதால் எனக்குத் தலை பின்னிவிட்டது, பொன்னேரி பள்ளிக்கூடத்துக்கு என்னைப் படகேற்றி அனுப்பியது எல்லாம் அவள்தான். சத்தமாகச் சிரிப்பாள். இறால் வாங்க வரும் ஏஜெண்டு கூடையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினால், அவனைப் போலவே பிதுக்கிக் காட்டி அவனையே சிரிக்க வைத்துவிடுவாள். அவள் பக்கத்தில் நின்றால் யாரும் என்னை ஏய்க்க முடியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

குண்டுகள் கிடைத்த செய்தி எப்படியோ மெட்ராஸ் வரை போயிற்று. ஒரு கல்லூரியின் சரித்திரப் பேராசிரியர், மாணவர்கள் நாலைந்து பேருடன் படகில் வந்து இறங்கினார். மரியாதையான மனிதர். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். குண்டு ஒவ்வொன்றையும் கத்தியால் சுரண்டி, இரும்புக் கவ்வியால் அகலம் பார்த்து, கொக்கித் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்தார். எனக்கு அது வேடிக்கையாக இருந்ததால் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒல்லாந்தர் பவுண்டும் இங்கிலீஷ் பவுண்டும் ஒரே எடை இல்லை, அளவையும் எடையையும் சேர்த்துப் பார்த்தால் எந்த நாட்டுப் பீரங்கிக்கு வார்த்தது என்று ஓரளவு சொல்லலாம், அரசாங்க முத்திரை இருந்தால் இன்னும் நிச்சயமாகச் சொல்லலாம் என்று எனக்கும் சேர்த்தே விளக்கினார்.

பிறகு அடுப்பைப் பார்த்தார். அதில் இருப்பதையும் எடுக்கச் சொன்னார். அடுப்பு அணைந்திருந்தது. மாமா சாம்பலைத் தள்ளி மூன்றையும் தோண்டிக் கொடுத்தார். இரண்டு கனமாக இருந்தன. மூன்றாவது அதே அளவுதான், ஆனால் தராசு முள் மற்றவற்றுக்குப் போன தூரத்தில் பாதியைக் கொஞ்சம் தாண்டி நின்றுவிட்டது. பேராசிரியர் அதை மடியில் வைத்து வெகுநேரம் சுரண்டினார். புண்ணின் பொருக்கு உதிர்வதுபோல் துரு உதிர்ந்து, கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை தெரிந்தது. துளைக்குள் மரக்கட்டை அடைத்திருந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டி இங்கிலீஷில் பேசினார். ‘ஷெல், ஷெல்’ என்ற வார்த்தை மட்டும் எனக்குப் பிடிபட்டது. எங்கள் பாடப் புத்தகத்தில் ஷெல் என்றால் கிளிஞ்சல். மணலில் இத்தனை நாள் கிடந்ததால் கிளிஞ்சல் ஒட்டியிருப்பதைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அடுப்பில் இல்லாத குண்டுகளில் முத்திரை தெரிந்த இரண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அக்கா தாராளமாகக் கொடுத்தாள். துளை இருந்ததைப் படம் எடுத்துக்கொண்டு மாமாவிடமே திருப்பிக் கொடுத்தார். அவர் கண்ணெதிரிலேயே மாமா மற்ற இரண்டோடு அதையும் அடுப்பில் பழைய இடத்தில் புதைத்தார். அக்கா எல்லாருக்கும் மீன் குழம்பும் சோறும் போட்டாள். சாப்பிட்டார்கள். நன்றி சொன்னார்கள். போனார்கள்.

அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ, ஏரியில் இறால் கொட்டிய நாள் ஒன்று வந்தது. குப்பமே அவித்துக்கொண்டிருந்தது. அக்கா காலையிலிருந்து பனை மட்டையும் சவுக்குக் கட்டையுமாகத் திணித்துக்கொண்டே இருந்தாள். ஒரு அண்டா இறக்கினால் அடுத்தது ஏற்றினாள். நான் காய்கிற இறாலைக் காக்காய் கொத்தாமல் பார்த்துக்கொண்டு தூரத்தில் இருந்தேன். வெடிச் சத்தம் கேட்டபோது கடலில் ஏதோ என்றுதான் திரும்பினேன். மணல் மேலே எழும்பி மழைபோல் விழுந்தது. அண்டா கிழிந்து, வெந்த இறால் நாலா பக்கமும் சிதறிக் கிடந்தது. அக்கா மல்லாந்து கிடந்தாள். முகத்தில் வலது பக்கம் எதுவும் முகமாக இல்லை.

படகில் பழவேற்காடு, அங்கிருந்து ஒரு மீன் வண்டியில் பொன்னேரி, பிறகு மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரி. பிழைத்தாள். வலது கண் போய்விட்டது. வலது காது கேட்காமல் போயிற்று. கன்னத்து எலும்புக்கு அடியில் போய் நின்ற ஒரு இரும்புத் துண்டை எடுக்கப் போனால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர்கள் விட்டுவிட்டார்கள். வெடித்தது குண்டு என்று அங்கேதான் ஒரு டாக்டர் சொன்னார். உள்ளே குடைவாக வார்த்து வெடிமருந்து அடைத்த குண்டு, அதற்கு இங்கிலீஷில் ஷெல் என்று பெயர் என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. மடியில் வைத்துச் சுரண்டி, துளையைப் பார்த்து, மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்து, தெரிந்தேதான் அதை எங்கள் அடுப்புக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். எந்த நாட்டுக்காரன் வார்த்தது, எந்தப் பீரங்கிக்கு வார்த்தது என்று அரை நாள் உட்கார்ந்து யோசித்தவருக்கு, நெருப்பில் வைக்காதீர்கள் என்று தமிழில் சொல்ல நேரம் இருக்கவில்லை.

அவர் கல்லூரிக்குப் போய்க் கத்த வேண்டும் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் குதித்தேன். எங்களைப் பெற்ற நைனா வேண்டாம் என்றார். படித்தவர்களோடு நமக்கெதுக்கு என்று மாமாவும் சொன்னார். கட்டுக்குள்ளிருந்து அக்காதான் பேசினாள்.

“போ. ஆனா கத்தாத. உள்ள மருந்து இருக்கறத எப்டி கண்டுபுடிக்கறதுனு கேட்டுக்கினு வா. மத்த வூட்டுலயும் குண்டு கீதுல்ல?”

எனக்கு அதுவரை மற்ற வீடுகள் ஞாபகத்துக்கே வரவில்லை.

பேராசிரியர் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். டீ வரவழைத்தார். நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவர் நாற்காலி நுனிக்கு நகர்ந்துவிட்டார்.

“அப்போ மருந்து இன்னும் உயிரோட இருந்திருக்கு,” என்றார். “இத்தனை காலத்துக்கு அப்புறமும்.” மேசையிலிருந்து பேனாவை எடுத்தார். “துண்டுகள் இருக்கா? எடுத்து வெச்சிருக்கீங்களா? ஓடு எவ்வளவு தடிமன்னு பார்த்தா வருஷத்தை இன்னும் நெருக்கமாச் சொல்லலாம்.”

“ஒண்ணு கீது சார்,” என்றேன். “எங்க அக்கா கன்னத்துக்குள்ள கீது. எடுக்க முடியாதுன்னுட்டாங்க.”

பேனாவைக் கீழே வைத்தார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அது எனக்கு ஆறுதலாக இல்லை, இன்னும் எரிச்சலாகத்தான் இருந்தது. துளை இருந்ததை அன்றைக்கே பார்த்தீர்களே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். மருந்து எப்போதோ கரைந்து வெறும் கூடாகியிருக்கும் என்று நினைத்தாராம். ஏற்கனவே அடுப்பில்தானே இருந்தது, ஒன்றும் ஆகவில்லையே என்று நினைத்தாராம்.

“பிள்ளைங்களுக்குச் சொன்னீங்களே சார், எங்களுக்கு ஏன் சொல்லல?”

உங்களுக்கு அது எதுக்குன்னு தோணிடுச்சும்மா என்றார் மெதுவாக. உண்மையைத்தான் சொன்னார். அந்த உண்மையை எடுத்து அவர் முகத்தில் எறியவேண்டும் போலிருந்தது. அக்கா சொன்னது ஞாபகம் வந்து, கைகளை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு, எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். சொன்னார். ஒரே அளவுள்ள இரண்டில் ஒன்று எடை ரொம்பக் குறைவாக இருந்தால் உள்ளே குடைவு. துருவுக்கு அடியில் துளை இருக்கும், ஆனால் சுரண்டிப் பார்க்கக் கூடாது. தட்டக் கூடாது, நெருப்பருகே வைக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் நனைத்து வைத்துவிட்டுப் போலீசுக்குச் சொல்ல வேண்டும். டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

அக்கா வீடு திரும்பியதும் நாங்கள் இரண்டு பேரும் வீடு வீடாகப் போனோம். பள்ளிக்கூடப் பெண்ணாக நான் மட்டும் போயிருந்தால் சிரித்து அனுப்பியிருப்பார்கள். அக்கா தலைப்பை விலக்கி முகத்தைக் காட்டியதும் யாரும் வாதாடவில்லை. கைக்கு எட்டியதையெல்லாம் கொண்டுவந்து வைத்தார்கள். தூக்கிப் பார்த்தோம். பெரும்பாலும் கனமாக, கெட்டியாக இருந்தன. வடக்கு வரிசையில் ஒரு வீட்டில் சின்னக் குழந்தைகள் ஒரு பெரிய குண்டை மணலில் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தன. அவ்வளவு பெரிய இரும்பைக் குழந்தை உருட்ட முடிகிறதே என்று எனக்கு உறைத்த அதே நேரம் அக்காவுக்கும் உறைத்தது. அவள் ஓடவில்லை. குழந்தைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முறுக்கு தருகிறேன் வா என்று தன் பக்கம் நகர்த்தினாள். கடைசிக் குழந்தையும் வந்த பிறகுதான் அவள் மணலில் உட்கார்ந்தாள். குண்டைச் சுற்றி வேலிபோல் வலை கட்டி, மேலே நனைந்த சாக்குப் போட்டு, மாமாவைப் போலீசுக்கு அனுப்பினோம்.

மாமா திரும்பி வரவில்லை. சாயங்காலம் நானும் அக்காவும் படகேறிப் போனால், ஸ்டேஷனில் சட்டையில்லாமல் தரையில் உட்கார்ந்திருந்தார். குண்டு இருக்கிறது என்று சொன்னவனை, எங்கேடா கற்றுக்கொண்டாய் குண்டு செய்ய என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஏற்கனவே ஒன்று வெடித்திருக்கிறதாமே, மீனுக்கு வெடி போடும் கூட்டமா என்றும் கேட்டார்களாம். கன்னத்தில் விரல் பதிந்திருந்தது. ஒல்லாந்தர் குண்டு என்று நான் சொல்ல ஆரம்பித்ததும் எழுத்தர் சிரித்தார். அக்கா என்னைத் தள்ளிவிட்டு முன்னால் போய், விளக்கு வெளிச்சத்தில் தலைப்பை எடுத்தாள்.

“எவனாவது தன் பொண்டாட்டி அடுப்புல குண்டு வெப்பானா சார்?”

அனுப்பிவிட்டார்கள். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு போலீஸ் எழுதிப்போட்டு ராணுவத்துக்காரர்கள் வர மழைக்காலம் தாண்டிவிட்டது. அதுவரை அந்தச் சாக்கை நனைத்து வைத்தது அக்காதான். தினம் குடத்தோடு போவாள், ஊற்றுவாள், வருவாள். உனக்கென்ன தலைவிதி, அவர்கள் வந்து செய்யட்டும் என்று நான் சண்டை போடுவேன். வர்ற வரைக்கும் பசங்க இங்கதானே ஆடுதுங்க என்பாள். வந்தவர்கள் நல்லவிதமாக நடந்துகொண்டார்கள். குண்டைக் கடற்கரையோரம் ஆளில்லாத இடத்துக்குக் கொண்டுபோய், குழி வெட்டி, எங்களைச் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் நிற்க வைத்து வெடித்தார்கள். குழியைப் பார்த்துவிட்டு அவர்களின் அதிகாரி, இது ஒரு வீட்டையே எடுத்திருக்கும் என்றார். குழந்தைகளின் அம்மா அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அக்கா அழவில்லை. சத்தம் ஒரு காதில்தான் கேட்டதாகச் சொன்னாள்.

எண்பதுகளில் நான் ஆசிரியர் பயிற்சி முடித்து மீஞ்சூருக்கு வேலைக்குப் போனேன். அக்கா மறுபடி இறால் அவிக்க உட்கார்ந்தாள், செங்கல் அடுப்பில். வலது பக்கமிருந்து யார் வந்தாலும் அவளுக்குத் தெரியாது என்பதால் எல்லாரும் இடது பக்கமாக வரப் பழகிக்கொண்டார்கள். ஏஜெண்டை அவள் பழையபடி ஏளனம் செய்தாள், ஆனால் உதட்டைப் பிதுக்க அந்தக் கன்னம் இடம் கொடுக்கவில்லை.

பேராசிரியர் ஒருமுறை குப்பத்துக்கு வந்தார், அக்காவைப் பார்க்க. பழங்கள் வாங்கி வந்திருந்தார். நான் லீவில் வீட்டில் இருந்தேன். அவருக்குத் தலையாட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விட்டேன், அவர் படகேறும் வரை திரும்பவில்லை. என்ன பேசினார் என்று அக்காவிடம் பிறகு கேட்டேன். அழுதார் என்றாள். இனிமேல் எந்த ஊருக்குக் குண்டு பார்க்கப் போனாலும் வயசு சொல்றதுக்கு முன்னால வெடிக்குமா வெடிக்காதானு சொல்லுங்க சார் என்று சொல்லி அனுப்பினாளாம். சொல்கிறேன் என்றாராம்.

“நீ மன்னிச்சிட்டியா?” என்று கேட்டேன்.

“எனக்கு வேல கீது,” என்று எழுந்து போனாள்.

நான் மன்னிக்கவில்லை.