இறங்காத பிரஷர்

சிதம்பரத்துக்குக் கிழக்கே ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெண்மதிக்குக் கம்ப்யூட்டர் வேலை. வீடு தேடிப் போய் பிரஷர் மாத்திரை கொடுக்கும் திட்டம் எந்த ஊரில் எப்படி நடக்கிறது என்று மாதாமாதம் கடலூருக்கு அறிக்கை அனுப்புவாள். ஏன், எதற்கு என்று கேட்பது அவள் வேலையில் சேர்த்தி இல்லை. ஆனால் ஒரு கணக்கு உதைத்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

மீனவர் குப்பம் ஒன்றின் கணக்கு மூன்று மாதமாக உதைத்தது. மாத்திரை எல்லாருக்கும் போயிருந்தது. ஆண்களுக்குப் பிரஷர் குறைந்திருந்தது, பெண்களுக்குக் குறையவில்லை. கருவாட்டு உப்புதான் காரணம் என்றார் சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கும் கலியமூர்த்தி. அதே கருவாட்டைத்தானே ஆம்பளைகளும் தின்கிறார்கள் என்று வெண்மதிக்குத் தோன்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த ஊருக்கே பஸ் ஏறிவிட்டாள். அங்கே வீடு வீடாகப் போய் மாத்திரை கொடுக்கும் அஞ்சம்மாள், அவளைப் பட்டம்மாள் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். பட்டம்மாள் தினமும் விடிந்ததும் கூடையோடு சிதம்பரம் போய், தெருத்தெருவாக மீன் விற்றுத் திரும்புகிறவள். கேட்டதும் ஒரு டப்பாவைத் திறந்து காட்டினாள். பிரிக்காத மாத்திரை அட்டைகள். வெண்மதி கடிந்துகொள்ளவில்லை. ஏன் போடுவதில்லை என்று மட்டும் கேட்டாள்.

"காலையில போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருது பாப்பா. கூடைய எறக்கி வெச்சிட்டு யாரு வூட்டுல போயி கேப்பேன்? நான் தண்ணிகூட குடிக்கிறதில்ல."

இன்னும் நாலு வீட்டில் விசாரித்தாள். மூன்று வீட்டில் இதே பதில். அஞ்சம்மாளுக்கே இது புதுச் செய்தி.

அறிக்கையில் இதை எழுத இடமில்லை. கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் எப்போதும் காலியாகக் கிடக்கும். அதில் எழுதி, டாக்டர் ஜெயப்பிரகாஷிடம் காட்டினாள். அவர் இரண்டு தரம் படித்தார்.

"இத யாரும் எங்கிட்ட சொல்லலையே."

"நாம யாரும் கேக்கலையே சார்."

டாக்டர் அந்தக் குப்பத்தில் பிரஷர் குறையாத பெண்கள் எல்லாரையும் ஒரு மதியம் வரவழைத்துச் சோதித்தார். சிலருக்கு மாத்திரையை மாற்றினார். சிலரை வியாபாரம் முடிந்து வந்த பிறகு போடச் சொன்னார். மூன்று மாதத்தில், இருபத்துமூன்று பேரில் பதினாலு பேருக்குப் பிரஷர் இறங்கியது.

மீதி ஒன்பது பேரில் இரண்டு பேர் மாத்திரையைப் புருஷன்மாருக்குக் கொடுத்துவிடுவதாக அஞ்சம்மாள் கண்டுபிடித்திருக்கிறாள். ஏழு பேருக்கு என்னவென்று இன்னும் தெரியவில்லை. அதைக் கேட்டுவர அடுத்த வாரம் வெண்மதியோடு டாக்டரும் போகிறார்.