கேபிளைப் பிடுங்கிய பிறகு

போன மார்கழியில், ஏற்காடு மலையில் தலைச்சோலை என்ற ஊரில் நடந்தது இது. சேலத்தில் மின்னணுக் கருவிகள் செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. தலைச்சோலையில் ஒரு விவசாயி வீட்டில் காப்பிக்கொட்டை உலர்த்தும் மெஷினுக்கு எங்கள் சர்க்யூட் போர்டைப் பொருத்தியிருந்தேன். சூட்டைப் பார்த்து அது விசிறியை ஓட்ட வேண்டும். ஆனால் பாதியில் நின்றுவிடும். வெளியே விடாத மழை. அந்த வருட மகசூல் முழுக்க ஈரமாகக் கிடந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்தால் பூஞ்சை பிடித்துவிடும்.

நானும் மலை ஏறி இறங்கியே ஓய்ந்துவிட்டேன். அன்றும் வழக்கம்போல லேப்டாப்பை மேசையில் வைத்து, டீபக் கேபிளைப் போர்டில் சொருகினேன். போர்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க உதவும் கேபிள் அது. சொருகியதும் சமர்த்தாக ஓடியது. சூட்டை அளக்கும் சென்சாரிலிருந்து வரும் ஒயர்களை ஏற்கெனவே மாற்றியாயிற்று. புரோகிராமையும் வரி வரியாகப் பார்த்தாயிற்று. அலுப்பில் அழுகையே வந்தது.

"நீங்க இருக்கறப்ப நல்லாத்தானுங்க ஓடுது. மலை எறங்குனதும் நின்னு போகுது" என்றார் அந்த விவசாயி. கோபமில்லாமல் சொன்னதுதான் அதிகம் வலித்தது.

அவர் மனைவி சோற்றுத் தட்டோடு வந்தார். வந்தவர்கள் சாப்பிடும்போது எதிரே வேலைச் சாமான் இருக்கக் கூடாதாம் அந்த வீட்டில். "மொதல்ல உண்ணு கண்ணு. மொகமே நொம்ப வாடிக் கெடக்குது" என்றபடி கேபிளைப் பிடுங்கி லேப்டாப்பை ஓரமாக வைத்தார். அதுவரை மேடம் என்று கூப்பிட்டவர்.

ஒரு வாய் சோறு இறங்குவதற்குள் விசிறி நின்றது. போர்டின் விளக்கு மங்கியது, எரிந்தது, மறுபடி மங்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் கொடுத்த அடாப்டர் நோஞ்சான். விசிறியைக் கிளப்பும் நேரத்தில் போர்டுக்கு மின்சாரம் போதவில்லை. நான் பார்க்கும்போதெல்லாம் கேபிள் வழியாக என் லேப்டாப்தான் மீதியை ஊட்டிக்கொண்டிருந்தது.

எச்சில் கையோடு எழுந்து, அடாப்டரைக் கழற்றிவிட்டு அவர்களுடைய போன் சார்ஜரைச் சொருகச் சொன்னேன். விசிறி ஓடியது.

"இனி நின்னுராதுங்களே?" என்றார் விவசாயி.

விசிறியைப் பார்த்தபடியே மறுபடி உட்கார்ந்தேன். மறுசோறும் வாங்கி, மெதுவாகச் சாப்பிட்டேன். நிற்கவில்லை. கொட்டை தப்பியது.

கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டே, சொந்தக் காலில் நிற்கிறதா என்று இத்தனை நாள் பார்த்திருக்கிறேன். இப்போதெல்லாம் வேலை முடிந்ததும் கேபிளைப் பிடுங்கிவிட்டுத் தள்ளி உட்காருகிறேன். அப்போதெல்லாம், தன் மகசூல் கெட்டுக்கொண்டிருந்த நேரத்தில் என் வாடிய முகத்தைப் பார்த்துச் சோறு போட்ட அந்த அம்மாதான் நினைவுக்கு வருகிறார்.