கரண்ட் பாய்ந்த திருஷ்டி முகம்

நியூ ஜெர்சியில் வீடுகளுக்கு வெளியே பிளக் பாயிண்ட் வைப்பது என் பிழைப்பு. இங்கே வெளிச்சுவரின் மேல் வினைல் என்ற பிளாஸ்டிக் பட்டைகள் போர்த்தியிருக்கும். பின்னால் என்ன இருக்கிறது என்பது கழற்றும்வரை ஆண்டவனுக்கும் தெரியாது. பழி மட்டும் நம் தலையில் விழும். என்னைப் போல ஏணி தூக்கிப் பிழைப்பவர்களுக்கு இது புரியும்.

தட்டும் சுவர்

எடிசன் ஊரில் ஒரு வீடு. பிளக் வைத்துவிட்டு வந்த வாரமே வீட்டுக்காரர் போன் செய்தார். காலையில் யாரோ வெளியிலிருந்து சுவரைத் தட்டுகிறார்களாம், போய்ப் பார்த்தால் ஆள் இல்லையாம். போனேன். வெயில் ஏற ஏற எனக்கும் கேட்டது. டக், டக். விரல் மடக்கித் தட்டுவதுபோலவே இருந்தது.

வீடு கட்டியவன் வினைலை இறுக்கி ஆணி அடித்திருந்தான். சூட்டில் நீள இடமில்லாமல் அது முறுக்கிக்கொண்டு சத்தம் போட்டது. ஆணிகளைத் தளர்த்தியதும் நின்றது. அந்த மனிதர் நன்றி சொல்லவில்லை. இன்றைக்கும் கோவிலில் அவரைக் கண்டால் நான் வேறு வரிசைக்குப் போய்விடுவேன். அவர் சொன்னது இதுதான்: "நீங்க வந்துட்டுப் போற வரைக்கும் இந்த வீட்ல ஒரு சத்தமும் இல்ல அங்கிள்."

நாக்கில் எரிந்த விளக்கு

அடுத்த வேலை தினேஷ், கவிதா தம்பதி வீட்டில். தீபாவளி சீரியல் லைட்டுக்குப் பின்பக்கச் சுவரில் பிளக் வேண்டும். அதே சுவரில், ஊரிலிருந்து கொண்டுவந்த தகரத் திருஷ்டி முகம் தொங்கியது. பிதுங்கிய கண், நீட்டிய நாக்கு. அவர்களுடைய ஐந்து வயது மகள் நிலா அந்தப் பக்கமே வரவில்லை. அது கடிக்கிறதாம்.

"மழை விட்டதும் வெறுங்கால்ல போய்த் தொட்டா அங்கிள், வீல்னு கத்திட்டா. கொஞ்சம் டெஸ்ட் பண்ணிப் பாருங்களேன்" என்றாள் கவிதா.

"கவி, அவர் பிளக் வைக்க வந்திருக்காரு, பேய் ஓட்ட வரல" என்று தினேஷ் சிரித்தான். எனக்கும் சிரிப்புதான் வந்தது. ஆனால் அவன் டம்ளரில் காபி குடித்துக்கொண்டு எனக்குக் காகிதக் கப்பில் கொடுத்திருந்தான். அவன் பேச்சைக் கேட்கக் கூடாது என்பதற்காகவே, தொடாமலே கரண்டைக் காட்டும் டெஸ்டரை எடுத்தேன்.

நான் ஒயர் இழுக்கவிருந்த ஹால் லைனை முன்பே அணைத்திருந்தேன். அந்தச் சுவரில் வேறு லைன் ஓடுவதாக யாரும் சொல்லவில்லை. டெஸ்டரை நாக்குக்கு அருகே கொண்டுபோனேன். சிவப்பு விளக்கு எரிந்தது. டெஸ்டர் விடாமல் கீச்சிட்டது. காற்றுகூட இல்லை, முகம் அசையாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. தினேஷின் குரல் இறங்கிவிட்டது: "அங்கிள், அதுக்கு ஒயரே இல்லையே."

தலைமாட்டுக்குப் பின்னால்

பிரேக்கர் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைக்கச் சொன்னேன். நிலாவின் அறைக்கு உரியதை அணைத்ததும் டெஸ்டர் அடங்கியது. மெயினையும் நிறுத்திவிட்டு, முகத்தை இறக்கிப் புல்லில் வைத்து, வினைலைப் பிரித்து, பின்னால் இருந்த பலகையை அறுத்தேன்.

முகத்தை மாட்ட தினேஷ் அடித்த நீள ஆணி ஒயருக்குள் இறங்கி, கம்பியைப் பாதி வெட்டியிருந்தது. நிலாவின் அறையில் ஹீட்டர் போட்டபோதெல்லாம் அந்த இடம் சூடேறியிருக்கிறது. சுற்றிலும் மரம் உள்ளங்கை அகலத்துக்குக் கருகியிருந்தது. அதற்கு நேர் உள்பக்கம் நிலாவின் தலையணை. கவிதா அந்தக் கருகிய இடத்தைத் தொடப் போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள். "செவுரு முணுமுணுக்குதுன்னு தினம் சொன்னா. நான்தான் கதை விடாம தூங்குடின்னு திட்டினேன்."

நிலாவின் கேள்வி

ஒயரை மாற்றி, பிளக்கையும் வைத்து முடித்தபோது நிலா மெல்ல வெளியே வந்தாள். கண்கள் புல்லில் கிடந்த முகத்தின் மேல். "இஸ் ஹி டெட்?" என்று அப்பாவைக் கேட்டாள். தினேஷ் என்னைப் பார்த்தான். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் நகர்ந்து அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு, எனக்காகத் தமிழில் கேட்டாள்: "அப்புறம் ஏன் என்னையே பாக்குறாரு?"

கரண்டை நிறுத்த எனக்குத் தெரியும், பார்வையை நிறுத்தும் பிரேக்கரை இன்னும் எந்தக் கடையிலும் விற்கவில்லை.