அரை மயிரிழைக் கோணல்

பல் செட்டை டப்பாவில் போடுவதற்கு முன் செம்பியன் மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் சேர்த்து உள்ளங்கையில் வைத்து, இடது காதோரம் கொண்டுபோய் மெல்ல அழுத்துவார். ‘டக்’ என்று ஒரே சத்தம் வந்தால் சரி. இரண்டு சத்தம் வந்தால் எங்கோ ஒரு பல் முந்திக்கொள்கிறது, மறுபடி தேய்க்க வேண்டும். இதைப் பல் செட் செய்கிற எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் செய்வார்கள். அவருக்கு மட்டுமே உரிய பழக்கம் இன்னொன்று இருந்தது. மெழுகில் பற்களை நட்டு முடித்ததும், ஸ்பிரிட் விளக்கில் கத்தி முனையைக் காட்டி, முன்வரிசையில் ஏதாவது ஒரு பல்லை அரை மயிரிழை திருப்பி வைப்பார். வரிசையில் நிற்கிறவர்களில் ஒருத்தர் மட்டும், யாரோ கூப்பிட்ட மாதிரி லேசாகத் திரும்பினால் எப்படி இருக்கும், அப்படி. எந்த டாக்டரும் இதுவரை அதைக் கண்டுபிடித்ததில்லை. போட்டுக்கொண்டவர்களைப் பார்த்து, செட் என்றே தெரியவில்லை என்று ஊர் சொன்னது. அந்த அரை மயிரிழையால்தான் என்று அவருக்குத் தெரியும்.

சிதம்பரம் மேல வீதியில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் அவருடைய லேப். லேப் என்றால் ஒரே அறை, இரண்டு மேஜை, ஒரு மோட்டார். இருபத்தாறு வருடமாகக் கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறார். பஸ்ஸில் யார் பேசினாலும் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். கண்டக்டரோடு சில்லறைக்குச் சண்டை போடுகிறவன், கடலை கொறிக்கிற காலேஜ் பெண், கொட்டாவி விடுகிற வாத்தியார் என்று எத்தனையோ ஆயிரம் வாய்களைப் பார்த்தாயிற்று. அளவுகோல் வைத்து நட்ட மாதிரி ஒரு வரிசை கிடையாது. கோணல் இல்லாத வாய் உயிரில்லாத வாய் என்பது அவர் கண்ட முடிவு.

மூன்று நான்கு வருடமாக அவருக்குக் கோபம் தலைக்கேறிக் கிடந்தது. டாக்டர்கள் அனுப்புகிற சீட்டு எல்லாமே ஒரே மாதிரி வந்தது. இருப்பதிலேயே வெள்ளை, இருப்பதிலேயே நேர். பல் கட்ட வருகிறவர்கள் செல்போனில் விளம்பரக்காரியின் சிரிப்பைக் காட்டி இதுதான் வேண்டும் என்கிறார்களாம். எழுபது வயதுக் கன்னத்துக்கு நடுவே டியூப் லைட் எரிவதா என்று தனியாக உட்கார்ந்து திட்டுவார். கடைத்தெருவில் எதிரே வருகிறவர்கள் சிரித்தால், ஒரே வாயை ஊர் முழுக்க வாடகைக்கு விட்டிருக்கிற மாதிரி இருக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்.

ஆனி மாதத்தில் ராபர்ட் டாக்டரிடமிருந்து ஒரு சீட்டு வந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் கிளினிக் வைத்திருக்கிற ராபர்ட்தான் செம்பியனுக்குப் பாதி வேலை கொடுக்கிறவர். சீட்டில் தில்லையம்மாள், வயது அறுபத்தொன்று, காடாம்புலியூர் என்றிருந்தது. முழு செட். மகன் இளவரசுக்கு ஆவணியில் கல்யாணம், அதற்குள் வேண்டும். வழக்கம்போல இருப்பதிலேயே வெள்ளை. ஆனால் சீட்டோடு சேர்த்து ஒரு பழைய கறுப்புவெள்ளைப் போட்டோ பின் அடிக்கப்பட்டிருந்தது.

கல்யாணக் கோலத்தில் ஒரு பெண். உதடு பிரிந்திருக்கிறது. மேல்வரிசையில் ஒரு முன்பல் வெளியே தள்ளி, இடது பக்கம் சாய்ந்து நிற்கிறது. செம்பியன் அதைச் சன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். இத்தனை வருடத்தில் தன் சொந்தச் சிரிப்பைத் திருப்பிக் கேட்டு யாரும் போட்டோ அனுப்பியதில்லை. வெள்ளை என்று எழுதியது டாக்டரின் கைப்பழக்கம், போட்டோ அனுப்பியது அந்த அம்மாவின் மனது என்று எடுத்துக்கொண்டார்.

இரண்டு நாள் வேறு வேலையே தொடவில்லை. வயதுக்கு ஏற்ற, லேசாக மஞ்சள் ஓடிய பற்களாகப் பொறுக்கினார். இந்த முறை அரை மயிரிழைக் கணக்கு கிடையாது. போட்டோவில் இருந்த தள்ளல், போட்டோவில் இருந்த சாய்வு. மெழுகு செட்டை வாயில் போட்டுப் பார்த்துச் சரி என்றால்தான் பிறகு அச்சில் வைத்து வேகவைத்துக் கெட்டியாக்குவது வழக்கம். அதற்காகக் கிளினிக்குக்கு அனுப்பினார்.

ஒரு மணி நேரத்தில் டாக்டரிடமிருந்து போன் வந்தது. இதைப் போட்டால் அந்தம்மா முகமே கெட்டுவிடும் என்று ஆரம்பித்தார். செம்பியன் பாதியில் போனை வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நேரே நடந்தார். கிளினிக்கில் பத்துப் பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால்தான் எல்லாம் நடந்தது. எல்லாருக்கும் ஒரே பல்லைக் குத்தி அனுப்புவதற்குப் பல் டாக்டர் எதற்கு, பொம்மைக் கடை வைத்தால் போதுமே என்று இவர் கேட்டார். சென்னையில் ஒரு கம்பெனி கம்ப்யூட்டரில் வரைந்து பிரிண்ட் எடுத்து அனுப்புகிறது, எழுதிக் கொடுத்ததைச் செய்கிறான், பாடம் நடத்துவதில்லை என்று டாக்டர் சொன்னார்.

“அவன் அந்தம்மா மூஞ்சியப் பாத்தானா டாக்டர்?”

“நீங்க பாத்தீங்களா?”

செம்பியன் சட்டைப் பையிலிருந்து போட்டோவை எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தார். “பாத்தேன். அந்தம்மாவையே கூப்புடுங்க. அவுங்க வாய்ல போட்டுப் பாத்து வேணாம்னு சொல்லட்டும், இனிமே உங்க வேலைய நான் தொடல.”

மறுநாள் காலை தில்லையம்மாள் பண்ருட்டி வந்து பஸ் மாறி வந்தாள். கூட இளவரசு. தில்லையம்மாளுக்கு ஒல்லியான உடம்பு. முப்பது வருடம் முந்திரிக்கொட்டை உடைத்த கை, விரல் நுனிகள் கறுத்துத் தடித்திருந்தன. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாள். மெழுகு செட்டைத் தன் கையாலேயே பொருத்தி, கண்ணாடியையும் தானே நீட்டினார் செம்பியன். டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

தில்லையம்மாள் கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் குப்புறக் கவிழ்த்தாள். செட்டைக் கழற்றித் தட்டில் வைத்தாள்.

“இந்தச் சனியன யாரு திரும்ப வெச்சது?”

செம்பியன் போட்டோவை எடுத்துக் காட்டினார். அழகாகச் சிரிக்கிறீர்கள், அதை விடக்கூடாது என்றுதான் என்று இழுத்தார்.

“அது சிரிப்பு இல்ல தம்பி. எனக்கு வாய் மூட வராது அப்ப. போட்டோக்காரன் மூடு மூடுன்னு கத்துறான், மாப்ள வூட்டாளுங்க சுத்தி நின்னு சிரிக்கிறாளுங்க. நான் மூடத்தான் பாக்குறேன்.” அவள் குரல் உயரவே இல்லை. “தேங்காத்துருவின்னுதான் எனக்குப் பேரு. கட்டுனவரே சாவற வரைக்கும் அப்பிடித்தான் கூப்புட்டாரு. அந்தப் பல்லு ஆடி விழுந்தன்னிக்கு நான் எருக்குழில வீசிட்டு வந்து வயிறாரச் சோறு தின்னேன். நீ அதப் பொறுக்கியாந்து திரும்ப வாய்ல நடுறியே. எனக்கு வேணுமான்னு ஒரு வார்த்த கேட்டியா?”

டாக்டர் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. அவள் அதையும் பார்த்துவிட்டாள்.

“நீ என்னா சிரிக்கிற? நீயுந்தான் கேக்கல. எம் புள்ளைய கேட்ட, வெள்ளன்னு எழுதிக்கிட்ட. வாய் எனக்குத்தான?”



செம்பியனுக்குக் காது சூடாகிவிட்டது. அவளிடம் கோபம், டாக்டரிடம் கோபம், சட்டைப் பையில் கிடக்கிற போட்டோவிடம்கூடக் கோபம். கத்தியைக் கிளினிக்கில் இருந்த ஸ்பிரிட் விளக்கில் காட்டி, தட்டில் இருந்த செட்டை எடுத்து அந்த முன்பல்லை உள்ளே தள்ளினார். அவள் எட்டிப் பார்த்து, இன்னும் என்றாள். தள்ளினார். இன்னும் கொஞ்சம் என்றாள். வரிசை முழு நேராகும்வரை விடவில்லை. பிறகு நிறம் தேர்ந்தெடுக்க மாதிரிப் பற்களைச் சீப்பு போலக் கோத்திருக்கிற பட்டையை அவள் கையிலேயே கொடுத்து, உங்களுக்கு எது வேணும்மா என்று கேட்டார். அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்டுப் பழக்கமில்லாததால் குரல் யாருடையதோ போல வந்தது. அவள் ஒவ்வொன்றாகக் கன்னத்தோரம் வைத்துப் பார்த்து, இருப்பதிலேயே வெள்ளையை ஒதுக்கிவிட்டு அதற்கு அடுத்ததை எடுத்தாள். ரொம்ப ஜாஸ்தி வெளுப்பா இருந்தா முந்திரிக் கொல்லையில செட்டுன்னு கண்டுபுடிச்சிருவாளுங்க என்றாள்.

இதைச் சென்னைக்கே அனுப்பிவிடலாம், இவர்தான் என் வேலையைத் தொடமாட்டாரே என்றார் டாக்டர்.

“இவுருதான் செய்யணும்,” என்றாள் தில்லையம்மாள். “திட்டு வாங்குனவருக்குத்தான் ஞாபகம் இருக்கும்.”

செம்பியன் செய்தார். இருபத்தாறு வருடத்தில் ஒரு பல்லைக்கூடத் திருப்பாமல் விட்ட செட் அது ஒன்றுதான். முடித்துவிட்டுக் காதோரம் வைத்து அழுத்தினார். ‘டக்’ என்று ஒரே சத்தம். அது சரியாக வந்ததுகூட அன்று அவருக்கு ஆத்திரமாக இருந்தது.

கல்யாணம் முடிந்து, புரட்டாசியில் ஒரு நாள் கிளினிக்கில் சீட்டு எழுதுகிற வினோதினி புது அளவுகளைக் கொடுக்க மாடியேறி வந்தாள். தில்லையம்மாளின் போட்டோ இன்னும் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் கிடப்பதைப் பார்த்தாள். இது அந்தம்மாவே எங்கிட்ட குடுத்தது சார், பையனுக்குக்கூடத் தெரியாது, நான் திட்டு வாங்கக் கூடாதுன்னு அன்னிக்கு டாக்டர் முன்னாடியும் சொல்லல என்று சாதாரணமாகச் சொன்னாள். கொடுக்கும்போது, செய்யிறவருகிட்ட இதக் காட்டி, இந்த மாதிரி மட்டும் வேணாம்னு சொல்லும்மா என்றாளாம். சரிம்மா என்று சொல்லிச் சீட்டோடு வைத்துப் பின் அடித்தாளாம் வினோதினி. வேண்டாம் என்பதை எழுத மறந்துவிட்டதாம்.