மழை நிற்காமல் ஆறு வற்றிய இடம்: பூயம்குட்டி

பூயம்குட்டி வழியாகப் போகும் பழைய மூணாறு ரோட்டைப் பற்றி எழுதச் சொல்லி நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். எல்லாம் பைக் வைத்திருக்கிற பிள்ளைகள். நான் அந்தப் பக்கம் போனது ஒரே தடவை, எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு ஜனவரி மாதம். ஊர் சுற்றப் போகவில்லை. என் மச்சான் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துகொள்ளப் போனேன். கூட என் அக்கா ஜமீலா. மட்டாஞ்சேரியில் பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். தமிழில் அங்கங்கே மலையாளம் தலைகாட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் கணவர் காதர் மச்சான், மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு மலஞ்சரக்குக் கடைக்கு ஊர் ஊராகப் போய்ச் சரக்கு எடுப்பவர். மிளகு, சுக்கு, ஏலம், புல்தைலம். புல்தைலம் தெரியாதவர்களுக்கு: எலுமிச்சை வாசம் வரும் ஒரு புல்லை ஆற்றங்கரைக் கொட்டகையில் பெரிய செம்பு அண்டாவில் வேகவைத்து வடிக்கிற எண்ணெய். மழையில்தான் புல் தழைக்கும் என்பதால் மழையில்தான் போயாக வேண்டும். போய்விட்டு வந்தால் வீடு முழுக்க அந்த வாடைதான். "துணிய வெளிய போடுங்க, தலை வெடிக்குது" என்று அக்கா கத்துவாள். மச்சான் சிரித்துக்கொண்டே சட்டையை அவள் முகத்துக்கு நேராக உதறுவார்.

முந்தின ஆடி மழையில் போனவர் திரும்பவில்லை. பூயம்குட்டிக்கு மேலே ஆறு இரண்டு கொட்டகைகளையும் சில ஆட்களையும் கொண்டுபோய்விட்டது என்று ஒரு ஜீப்காரர் வந்து சொன்னார். யார் யார் என்று கேட்டால் அவருக்குத் தெரியவில்லை. எல்லாம் வெளியூர்க் கூலியாட்கள், உடம்பும் கிடைக்கவில்லை. அதோடு விட்டிருந்தால் அழுது தீர்த்திருப்போம். ஒரு வாரம் கழித்துப் பஜாரில் ஒரு ஆள், "காதரை மாதிரி ஒருத்தரை அடிமாலி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனான். அந்த ஆள்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அக்கா ஆறு மாதம் உட்கார்ந்திருந்தாள்.

எங்களில் கணவன் இறந்தால் மனைவி இத்தா இருக்க வேண்டும். நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்தி, வெளியே போகாமல் இருக்கும் துக்கம் அது. அம்மா கெஞ்சிப் பார்த்தாள், பள்ளிவாசல் உஸ்தாத் சொல்லிப் பார்த்தார். அக்கா மசியவில்லை. மச்சான் சட்டைகளைத் துவைத்து இஸ்திரி போட்டு அடுக்கிக்கொண்டே இருந்தாள். "பாத்தவன் ஒருத்தன் என் மொகத்துக்கு நேரா சொல்லட்டும். அன்னிக்கு வெள்ள கட்டுறேன். அதுவரைக்கும் என்னை விதவை ஆக்காதீங்க" என்றாள். அதனால்தான் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

காலை முதல் போட்டில் மட்டாஞ்சேரி ஜெட்டியிலிருந்து எறணாகுளம். அங்கிருந்து கோதமங்கலத்துக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர், அன்றைய பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். கோதமங்கலத்தில் கப்பைக்கிழங்கும் மீன்கறியும் வாங்கி வைத்தேன், அக்கா தொடவில்லை. அங்கிருந்து தட்டேக்காடு பதின்மூன்று கிலோமீட்டர். அப்போது பாலம் கிடையாது, பெரியாற்றைப் படகில் கடக்க வேண்டும்.

ஜனவரிப் பெரியாறு எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பச்சையாக, சாதுவாக, அடிக்கல் தெரிய. அக்கா படகின் ஓரத்தில் கையை விட்டுப் பார்த்தாள். "இந்தத் தண்ணியாடா அவரக் கொண்டுபோகும்? ஏற்றமும் இறக்கமும் பாத்து வளந்த மனுசன்" என்றாள். அவள் முகத்தில் ஒரு தெம்பு வந்தது. நான் அக்கரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவள் சொன்னதிலும் நியாயம் உண்டு. காயலோரத்துக்காரர்களுக்குத் தண்ணீர் பயமில்லை. ஏற்றத்தின்போது, அதாவது கடல் பொங்கிக் காயலில் தண்ணீர் ஏறும் நேரத்தில், மழையும் சேர்ந்தால் பஜார் கடைகளுக்குள் தண்ணீர் வரும். மூட்டைகளைப் பலகைமேல் ஏற்றிவிட்டு, தண்ணீர் நிற்கும் மட்டத்தில் சுவரில் கரியால் ஒரு கோடு போடுவார்கள். கோட்டுக்குக் கீழே நாலு விரல் இறங்கிவிட்டால் முடிந்தது, இனி அடுத்த ஏற்றம்வரை இறங்கும், தைரியமாகச் சரக்கை எடுக்கலாம். எங்கள் அத்தாவும் அப்படித்தான், மச்சானும் அப்படித்தான், நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டோம்.

அக்கரையில் ஒரு ஜீப் கிடைத்தது. குட்டம்புழை வழியாகப் பூயம்குட்டி, பத்துப் பதினைந்து கிலோமீட்டர், எல்லாம் கல்லும் குழியும். ஜீப் டிரைவர் பேச்சுக்காரர். வெள்ளைக்காரன் காலத்தில் மூணாறுக்குப் போகும் பெரிய ரோடே இதுதானாம். மலையாளக் கணக்கில் ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பது, அதாவது 1924 ஆடியில் வந்த வெள்ளத்தில், மேலே கரிந்திரி என்கிற மலை அப்படியே சரிந்து ரோட்டோடு போய்விட்டது. மூணாறில் ஓடிய குட்டி ரயில்கூட அந்த மழையில்தான் ஒழிந்தது. பிறகு நேரியமங்கலம் வழியாகப் புது ரோடு போட்டுக்கொண்டார்கள், இந்தப் பக்கத்தைக் காட்டுக்கே விட்டுவிட்டார்கள். "தொண்ணூற்றொன்பதுக்கு அப்புறமும் இங்க மலை விழுந்துட்டுத்தான் இருக்கு. ஆளு குறைவு, அதனால பேப்பர்ல வராது" என்றார். சொல்லிவிட்டு அக்காவைக் கண்ணாடியில் பார்த்தவர், ரோட்டில் கவனத்தைத் திருப்பினார்.

கொட்டகை இருந்த இடத்துக்கு மேலே, பாதையோரம் வர்கீஸ் சேட்டனின் சாயாக்கடை. மலையில் குடியேறிய கிறிஸ்தவர், எஸ்டேட் ஆட்களோடு பழகியதால் தமிழ் பேசுவார். விஷயத்தைச் சொன்னோம். "எனக்கு ஆளுங்க பேரு தெரியாது மோளே. அன்னிக்கு அஞ்சாறு பேரு போனாங்க. எல்லாரும் லுங்கி, எல்லாரும் தலையில சாக்கு. நான் யாருன்னு சொல்லட்டும்?" என்று கையை விரித்தார். அக்கா என்னைப் பார்த்தாள். பார்த்தியா, நான் சொல்லலையா என்கிற பார்வை.

வேண்டாம் போதும் என்று அங்கேயே எழுந்து வந்திருக்கலாம். நான்தான் கேட்டேன், அன்றைக்கு என்ன நடந்தது என்று.

சேட்டன் சொன்னது இது. விடியற்காலையிலிருந்து மழை. ஆறு கொட்டகையின் தூணைத் தொட்டதும் எல்லோரும் மேலே ஏறி இவர் கடையில் நின்றார்கள். தைல டின்கள் கீழேயே கிடந்தன. மத்தியானம் மழை துளியும் குறையாமலே, ஆறு திடீரென்று வற்ற ஆரம்பித்தது. "அதுதான் மோளே பயம். மேல எங்கயோ உருள் பொட்டி, மலை விழுந்து ஆத்த அடைச்சிருச்சுன்னு அர்த்தம். அடைச்சது உடையும். உடைஞ்சா சும்மா வராது. இங்க உள்ள மலைவாசி முதுவான்மாருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். மழையில ஆறு வற்றினா மேல ஏறணும். கூலிக்கு வந்தவங்களுக்கு எங்க தெரியும்?"

"நீங்க சொல்லலையா?" என்றேன்.

"தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு ஆளு மட்டும் கேக்கல. அடுப்புல கிடந்த கரித்துண்ட எடுத்துட்டு இறங்கிப் போனான். அங்க ஒரு பாறை இருந்தது, அதுல மழை படாத பக்கமா தண்ணி மட்டத்துல ஒரு கோடு போட்டான். பக்கத்துல குந்தி உக்காந்து ஒரு பீடி முழுக்கக் குடிச்சான். நான் என்னடா பைத்தியம்னு பாத்துட்டு நிக்கிறேன். அப்புறம் கோட்டுக்குக் கீழ விரல வச்சு அளந்து பாத்துட்டு, என்னப் பாத்துச் சிரிச்சான். 'இனி பயமில்ல சேட்டா, இறங்கிடுச்சு'ன்னு மத்தவங்களயும் கைகாட்டிக் கூப்பிட்டான். அவன நம்பித்தான் மிச்சப் பேரும் போனாங்க. டின்ன முதுகுல ஏத்துற நேரம் மேல ஒரு சத்தம் கேட்டுது. அவ்வளவுதான்."

மலையில் பிறந்த எவனும் அந்தக் கோட்டைப் போடமாட்டான். அக்கா சேட்டனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எத்தன விரல் வச்சு அளந்தாரு?"

சேட்டன் கட்டை விரலை மடக்கி நாலு விரலைக் காட்டினார்.

அவள் அழுத அழுகையை நான் எழுதப்போவதில்லை. சேட்டனின் மனைவி உள்ளேயிருந்து ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். தான் போனதோடு இல்லாமல் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போனாரே என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்பது அதைவிட மோசம். திரும்பும்போது கோதமங்கலத்தில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் அக்கா தானாக நின்றாள். வெள்ளைச் சேலை அவளே பார்த்து எடுத்தாள்.

இப்போது போகிறவர்களுக்கு. எறணாகுளம் வைட்டிலா பஸ் ஹப்பிலிருந்து கோதமங்கலத்துக்கு நிறைய பஸ் உண்டு, தட்டேக்காட்டில் பாலமும் வந்துவிட்டது. பூயம்குட்டிக்கு மேலே பழைய ரோடு காட்டுக்குள் போகிறது. வனத்துறையிடம் கேட்காமல் வண்டியை விடாதீர்கள், யானையும் இருக்கிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை நல்லது. மழைக்காலத்தில் போய்த்தான் தீருவேன் என்றால், சப்பாத்து என்கிற தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறினால் அங்கேயே நின்றுவிடுங்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஆறு வற்றினால் போட்டோ எடுக்க இறங்காதீர்கள். வண்டி, பை எதையும் பார்க்காமல் மேட்டுக்கு ஓடுங்கள். கடற்கரைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் இதை இரண்டு தடவை படியுங்கள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் உஸ்தாத் வந்தார். அக்கா வெள்ளை உடுத்தி, திரைக்குப் பின்னால் நின்று, இன்றிலிருந்து இத்தா இருக்கிறேன் என்றாள். உஸ்தாத் மெதுவாகச் சொன்னார்: "இத்தா கணக்கு நமக்குத் தெரிஞ்ச நாள்ல இருந்து இல்லம்மா, அவரு மவுத்தான நாள்ல இருந்து. அது முடிஞ்சு ரெண்டு மாசம் ஆகப்போகுது. இனி நீ இருக்கவேண்டியதில்ல."

"அப்போ அவருக்காக அழ எனக்கு ஒரு நாள்கூட மிச்சம் இல்லையா உஸ்தாத்?" என்றாள் அக்கா.

அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நாலு மாதமும் பத்து நாளும் அவள் வெளியே வரவில்லை.